ஒகேனக்கல் போகுமுன் நீர்வரத்தைக் கேளுங்கள்

ஒகேனக்கலுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வானத்தைப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறார்கள். அங்கே காவிரி பெருகுவதற்குத் தருமபுரியில் ஒரு தூறல்கூட விழ வேண்டியதில்லை. குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டி, கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பினால் உபரிநீர் முழுக்க இந்தப் பக்கம்தான் வரும். எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. அந்தக் கணக்கு செய்திகளில் வந்துவிடும். புறப்படும் அன்று காலையில் அதைப் பார்த்துவிடுங்கள்.

நீர்வரத்துக் கணக்கில் ஒரு கன அடி என்பது நொடிக்குச் சுமார் 28 லிட்டர். 2018 ஆகஸ்ட்டில் நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அப்படி வரும்போது அருவிகள் இருந்த இடமே தெரியாது. மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தத் தடை எப்போது வேண்டுமானாலும் வரலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, வெள்ளம் வடிந்து ஆறு நிதானப்பட்ட பிறகு வரும் மாதங்களே நல்லவை. ஆடிப் பதினெட்டன்று கூட்டம் நெரியும். அன்று வயதானவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

பரிசலில் ஏறியதும் லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை இறுக்கிக் கட்டுங்கள். படம் பிடிக்கிற ஆசையில் ஒருவர் எழுந்து நின்றாலும் பரிசல் சாய்ந்துவிடும். தடை இருக்கும்போது, கூடுதல் காசு தருகிறேன் என்று பரிசல் ஓட்டியை வற்புறுத்துவது பெரிய தவறு. அவர் பிழைப்பும் உங்கள் உயிரும் அந்த ஒரு சவாரியில் மாட்டிக்கொள்ளும். பாறைகள் வழுக்கும், எண்ணெய் மசாஜ் செய்துகொண்ட காலோடு அவற்றில் ஏறவே ஏறாதீர்கள்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர். பென்னாகரத்தைத் தாண்டினால் காட்டுச் சாலை. யானை கடக்கும் இடம். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். ஆற்றில் இறங்க முடியாத நாளில் பாப்பாரப்பட்டிக்குப் போகலாம். சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925-ல் மறைந்த ஊர் அது. அவருக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலும் பார்க்க வேண்டியதே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். காய்ச்சினாலும் அது போகாது. பல்லில் கறையோடும் எலும்பு வலியோடும் எத்தனையோ பேர் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தக் காவிரியிலிருந்துதான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. குளித்து முடித்ததும் ஷாம்பு பாக்கெட்டையும் பழைய துணியையும் ஆற்றில் விட்டுவிட்டு வராதீர்கள். அது இரண்டு மாவட்ட மக்களின் குடிநீர்.