கருங்கோடைக்குப் பின்

ஆஸ்திரேலியர்கள் 2019-20 காட்டுத்தீப் பருவத்தைக் 'கருங்கோடை' என்கிறார்கள். அதில் 33 பேர் இறந்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. ஏறக்குறைய 300 கோடி விலங்குகள் மடிந்தன அல்லது இருப்பிடம் இழந்தன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பிப்ரவரியில் பெய்த பெருமழை பெரும்பாலான தீயை அணைத்தது. சில வாரங்களிலேயே கரிக்கட்டையாய் நின்ற மரங்களில் பச்சை தெரிந்தது.

அந்தப் பச்சை பொய்யல்ல. நீலகிரியில் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸுக்கு ஆஸ்திரேலியாதான் தாய்மண். அதன் பல இனங்களில் பட்டைக்கு அடியில் மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். இலை கருகியதும் அவை விழித்துக்கொள்ள, கிளைகளில் மட்டுமின்றி அடிமரம் நெடுகவும் கொத்துக்கொத்தாய்த் துளிர் வெடிக்கும். பாங்சியாச் செடிகள் சிலவற்றின் கட்டைபோன்ற காய்கள் தீச்சூடு பட்டால்தான் வாய் திறந்து விதையை விடும்.

எல்லா மரத்துக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. விக்டோரியா மலைகளில் வளரும் ஆல்பைன் ஆஷ் யூகலிப்டஸ் இனம்தான். ஆனாலும் கடுந்தீயில் அடியோடு செத்துவிடும். விதை விழுந்துதான் மறுபடி முளைக்க வேண்டும். அந்தக் கன்று தேவையான அளவு விதை தர ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் கன்றும் போகும், விதையும் இருக்காது. காடு இருந்த இடத்தில் புதர்தான் மண்டும். 2003க்குப் பிறகு அந்த மலைகளில் பெருந்தீ அடுத்தடுத்து வந்ததால், 2020இல் ஹெலிகாப்டரிலிருந்து விதை தூவ வேண்டியதாயிற்று.

தீயை அணைத்த மழையே ஆறுகளைக் கெடுத்தது. மொட்டையான சரிவுகளிலிருந்து சாம்பலும் சேறும் இறங்கின. நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து மிதந்தன. சிட்னிக்குக் குடிநீர் தரும் வாரகம்பா அணையில் மிதவைத் தடுப்புகள் போட்டார்கள். தீயில் தப்பிய, கங்காரு போன்ற பாறை வாலபிகளுக்கோ மேய்ச்சல் இல்லை. அரசு வானிலிருந்து கேரட்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்டது. ஒளிய மறைவில்லாத சிற்றுயிர்களைப் பூனைகளும் நரிகளும் தேடித் தின்றன.

தீ வருமுன் செய்த வேலைக்குத்தான் பலன் அதிகம். 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட அரிய வோலெமி பைன் மரங்கள் ஒரே பள்ளத்தாக்குப் பகுதியில்தான் இயற்கையாக வளர்கின்றன. தீயணைப்பாளர்கள் ஹெலிகாப்டரிலிருந்து அங்கே இறங்கி, முன்கூட்டியே நீர்தெளிப்பான் அமைத்து மண்ணை ஈரமாக வைத்திருந்தார்கள். சுற்றிலும் காடு எரிந்தபோதும் பெரும்பாலான மரங்கள் பிழைத்தன.

இந்தத் தீக்குப் பின் அமைந்த அரச விசாரணை ஆணையம் 2020 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை 80 பரிந்துரைகளைத் தந்தது. பூர்வகுடிகள் குளிர்ந்த பருவத்தில் சிறுதீ வைத்துச் சருகைக் குறைக்கும் பழைய முறைக்கும் அதில் இடம் உண்டு. அதேசமயம், அனல்காற்று உச்சத்தில் இருக்கும் நாளில் சருகைக் குறைத்து வைத்திருப்பதால் மட்டும் தீ நின்றுவிடாது என்றும் ஆணையம் எச்சரித்தது. கருங்கோடை தொடங்கிய 2019தான் ஆஸ்திரேலியாவில் அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே அதிக வெப்பமும் அதிக வறட்சியும் கொண்டது.