சர்க்கரை இருப்பதாக டாக்டர் சொல்லி விட்டாரா?

அந்தச் சீட்டு நான்கு நாள் அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது.

ஐந்தாவது நாள் மனைவி சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் கையை விட்டாள். மடித்து வைத்த காகிதம் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். ஒன்றும் புரியவில்லை. ஆனால் இரண்டு இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு இருந்தது.

"இது என்னங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. ஆபீசுல ரத்தம் எடுத்தாங்க."

"ஒண்ணுமில்லன்னா எதுக்குச் செவப்புல வட்டம் போட்டிருக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கொண்டார்.

அவருக்கு வயது 43. மும்பை தாராவியில் குடியிருக்கிறார். தினமும் மாஹிம் ஸ்டேஷனில் லோக்கல் ரெயில் ஏறி, அந்தேரியில் ஒரு தனியார் கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போகிறவர். சொந்த ஊர் நெல்லைச் சீமையில் ஒரு கிராமம். பெயர் இங்கே வேண்டாம். அவரைப் போல் ஆயிரக்கணக்கான பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

அப்பாவின் கால்

சீட்டில் வட்டம் போட்டு இருந்தது இரண்டு எண்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 188. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 286.

ஆறு மாதமாகவே உடம்பு சொல்லிக் கொண்டுதான் இருந்தது. ராத்திரி மூன்று, நான்கு தடவை எழுந்து ஒன்றுக்குப் போக வேண்டி வந்தது. வீட்டுக்குள் கழிப்பறை இல்லை. தெருக்கோடிக்குப் போய் வர வேண்டும். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு வறண்டது. பெல்ட்டில் ஒரு ஓட்டை குறைந்தது. "பம்பாய் வெயில் அப்படி" என்று நினைத்துக் கொண்டார்.

சீட்டை மறைத்ததற்குக் காரணம் வேறு. ஊரில் அவருடைய அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது. காலில் முள் குத்திப் புண் வந்தது. புண் ஆறவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்து விட்டார்கள். அப்போது இவர் பத்தாம் வகுப்பு படித்துக் கொண்டு இருந்தார். திண்ணையில் உட்கார்ந்து இருந்த அந்த ஒற்றைக் கால்தான் நான்கு நாளும் அவர் கண் முன்னால் நின்றது.

பயம் நியாயமானது. ஆனால் சீட்டை மறைத்து வைத்தால் சர்க்கரை மறைந்து போய் விடாது.

எந்த அளவு இருந்தால் வியாதி?

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் சரி. 126-ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை வியாதி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது எல்லைக்கோடு. எச்.பி.ஏ.1சி என்று ஒரு சோதனை உண்டு. கடந்த இரண்டு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை அது காட்டிக் கொடுத்து விடும். முந்தின நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. அதில் 6.5-ம் அதற்கு மேலும் வந்தால் வியாதிதான்.

நம்மவர்களில் பெரும்பாலோருக்கு நடுவயதில் வருவது இரண்டாம் வகை. கணையத்தில் இன்சுலின் சுரக்கிறது. ஆனால் உடம்பு அதன் பேச்சைக் கேட்பதில்லை. வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு ஈரலிலும் படிகிறது. தின்ற சோற்றின் சர்க்கரை தசைக்குள் போகாமல் ரத்தத்திலேயே சுற்றுகிறது. கணையம் கூடுதலாகச் சுரந்து சுரந்து களைத்துப் போகிறது.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக, 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு கணக்கிட்டது.

ஒல்லியாக இருந்தால் வராதா?

"நான் குண்டு இல்லையே, எனக்கு எப்படி?" என்பதுதான் மாநகராட்சி ஆஸ்பத்திரியில் இவர் கேட்ட முதல் கேள்வி.

இதற்குப் பக்கத்துப் புனேயில் இருந்தே பதில் கிடைத்தது. அங்குள்ள டாக்டர் யாஜ்னிக்கும், லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் தங்கள் இருவர் படத்தையும் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் இருவரும் ஒன்றுதான். இருவருக்கும் 22.3. ஆனால் வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். நம்மவர் உடம்பில் 21.2 சதவீதம்! கை கால் மெலிவு, வயிற்றில் மட்டும் தொந்தி. இதுதான் நம் வாகு.

ஆகவே எடை மிஷினை மட்டும் நம்பாதீர்கள். ஒரு டேப்பை எடுத்து வயிற்றை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டக் கூடாது. இவருக்கு 98 இருந்தது.

ஆறு கட்டிங் சாயா

மறுநாள் மனைவி ஒரு கணக்குப் போட்டாள். காலையில் வீட்டில் ஒன்று. ஸ்டேஷன் வாசலில் ஒன்று. ஆபீசில் மூன்று. திரும்பி வரும்போது ஒன்று. ஆக ஆறு. ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பன்னிரண்டு ஸ்பூன். சுமார் 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ! ரேஷனில் வாங்கியதைவிட அதிகமாகத் தெருவில் குடித்துக் கொண்டு இருந்தார்.

ஆறை இரண்டாக்கினார். இரண்டும் சர்க்கரை இல்லாமல். முதல் வாரம் கஷாயம் குடிப்பது போல் இருந்ததாம். மூன்றாவது வாரம் பழைய சாயாவை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பாகு போல் தித்தித்தது. கீழே வைத்து விட்டார்.

சாயாவுக்குத் துணையாகப் போகிறது வடா பாவ். மைதா ரொட்டிக்கு உள்ளே உருளைக்கிழங்கு. மாவுக்குள் மாவு. பசிக்கு மலிவு, வேறு வழி இல்லாதவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதே ஸ்டேஷன் வாசலில் வறுத்த கடலையும் கொண்டைக்கடலையும் விற்கிறார்கள். பாவ் வேண்டாம் என்று சொல்லி, முளைகட்டிய பயறு உசலை மட்டும் வாங்கலாம்.

சோற்றை விட வேண்டுமா?

நெல்லைக்காரரைச் சோறு சாப்பிடாதே என்றால் நடக்காது. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. தட்டைக் காட்டிச் சொன்னார். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன். மீதிக் கால் பங்குதான் சோறு. முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது.

நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர். குன்று போல் சோறு, அதன் ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல்.

இந்த ஊரில் ஒரு வசதி உண்டு. நம் தாத்தா காலத்துத் தானியங்களை மராட்டிக்காரர்கள் இன்னும் விடவில்லை. ஜோவார் என்றால் சோளம். பாஜ்ரா என்றால் கம்பு. நாச்னி என்றால் கேழ்வரகு. மூலைக் கடையில்கூட மாவு கிடைக்கும். மேத்தி என்று கட்டுக் கட்டாய் விற்கிறார்களே, அது வெந்தயக் கீரைதான். பாங்டா மீன் நம் ஊர் அயிலை. பாப்லெட்டின் விலையோடு பார்த்தால் மிக மலிவு. குழம்பு வைத்துச் சாப்பிடலாம், எண்ணெயில் பொரிக்க வேண்டாம்.

ஒன்றை மறந்து விடக் கூடாது. கேழ்வரகும் மாவுச்சத்துதான். "கேப்பைக் கஞ்சி சர்க்கரைக்கு நல்லது" என்று சொம்பு சொம்பாகக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். கூழாக, கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை மளமளவென்று ஏறும். ரொட்டியாகச் சுட்டு, அளவோடு, காயோடு சாப்பிட வேண்டும். சப்பாத்திக்கும் இதே கதைதான். சோற்றை விட்டு விட்டு ஆறு சப்பாத்தி தின்றால் என்ன லாபம்?

விரதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஏகாதசி, சதுர்த்தி என்றால் இங்கே ஜவ்வரிசிக் கிச்சடி. அது வெறும் மாவு. சோறு தின்பதற்கு அது எந்த விதத்திலும் குறைந்தது அல்ல.

குடும்பத்தை ஊரில் விட்டு விட்டு மெஸ்சில் சாப்பிடுகிறவர்கள்பாடு இன்னும் கஷ்டம். ரைஸ் பிளேட்டில் வருவதுதான் சாப்பாடு. அவர்கள் இரண்டாவது தடவை சோறு வாங்குவதற்குப் பதிலாக இன்னொரு கிண்ணம் பருப்பு கேட்கலாம். அறையில் ஒரு வெள்ளரிக்காய் நறுக்கிக் கொள்வதற்கு அடுப்புகூட வேண்டாம்.

தொண்ணூறடி ரோட்டில் நடை

உடற்பயிற்சிக்கு நேரம் எங்கே? தினமும் ரெயிலில் நின்று கொண்டே போய் வருகிறவர் காலையில் பூங்காவில் ஓட முடியுமா?

வேண்டியது இல்லை. சாப்பிட்ட உடனே பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தாலே போதுமான பலன் உண்டு. நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக் கொள்கின்றன. இவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினார். லிப்டை விட்டு மாடிப்படி ஏறினார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியும் கூட வர, தாராவி தொண்ணூறடி ரோட்டில் நடந்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இருவரும் சேர்ந்து நடந்தது அப்போதுதான் என்று அந்த அம்மாள் சிரித்தாள்.

இது வெறும் ஆறுதல் அல்ல. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றும் செய்யாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் செய்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை மட்டும் கொடுத்தபோதும் ஏறக்குறைய அதே பலன்தான்.

வந்து விட்டவர்களுக்கும் வழி உண்டு. பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியாயிற்று. வியாதி வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களுக்கு, டாக்டர் மேற்பார்வையில் சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்தார்கள். ஓராண்டில் நூற்றுக்கு 46 பேர் மாத்திரை இல்லாமலே நல்ல அளவுக்கு வந்தார்கள். எடை திரும்ப ஏறியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்ப வந்தது. இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆகி விட்டது. இதைப் படித்து விட்டு யாரும் தாமாகப் பட்டினி கிடக்க வேண்டாம்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

"மாத்திரை தொட்டால் ஆயுசுக்கும் விடாது" என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்தினார். இன்னொருவர் பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூ என்று அடுக்கினார். பாகற்காயைக் கறியாகச் சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் அது டாக்டர் எழுதிக் கொடுத்த மெட்பார்மினுக்குப் பதில் ஆகாது. "ஒரே மாதத்தில் அடியோடு குணம்" என்று ஒட்டிய நோட்டீசைப் பார்த்துப் பொடி வாங்கி, மாத்திரையை நிறுத்தி விட்டு, மயக்கத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் உண்டு. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் வேலை.

சில மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கி விடக் கூடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பசி வயிற்றைக் கிள்ளும். அப்போது உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். ஜூலை மழையில் லோக்கல் ரெயில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் மணிக்கணக்கில் நிற்கும் ஊர் இது. அந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் பையில் ஒரு பொட்டலம் சர்க்கரை இல்லாமல் மழைக்காலத்தில் வெளியே போகக் கூடாது.

மழையில் இன்னொரு ஆபத்து காலுக்கு. நாளாவட்டத்தில் சர்க்கரை நரம்பை மரக்கச் செய்யும். ஆணி குத்தினாலும் தெரியாது. தேங்கிய தண்ணீரில் செருப்பு இல்லாமல் நடக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். மலைக்கு மாலை போடுகிறவர்கள் வெறுங்காலோடு புறப்படுவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக் கொள்வது நல்லது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குக் காலுக்கு ரத்தம் போவதே குறையும். கண்ணையும், சிறுநீரையும் வருஷத்துக்கு ஒரு முறை சோதித்தாக வேண்டும்.

தம்பியும் வந்தான்

மூன்று மாதத்தில் இவர் எடை ஆறு கிலோ குறைந்தது. எச்.பி.ஏ.1சி 9.1-ல் இருந்து 6.9-க்கு வந்தது. பிறகு ஊரில் கோவில் கொடைக்குப் போனார். ஒரு வாரம் பொங்கலும் பாயசமும் வடையுமாகப் போயிற்று. திரும்பி வந்து பார்த்தால் வெறும் வயிற்றில் 160. ஒரு நாள் பூராவும் முகத்தைத் தொங்கப் போட்டுக் கொண்டு இருந்தார். "கொடை வருஷத்துக்கு ஒரு தடவதான வருது. நாளைக்கு நடக்கப் போகலாம், எந்திரிங்க" என்றாள் மனைவி.

மாட்டுங்காவில் கடையில் வேலை பார்க்கிற தம்பியை அவர் அழைத்துப் பேசியது அதற்குப் பிறகுதான்.

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே. நல்லாத்தான இருக்கேன்?"

"நானும் அப்படித்தாம்ல சொன்னேன். அப்பாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கு. நாளைக்கு வெறும் வயித்தோட வா."

தம்பிக்கு 112 இருந்தது. வியாதி இல்லை, எல்லைக்கோடு. அன்று இரவு தொண்ணூறடி ரோட்டில் மூன்று பேர் நடந்தார்கள்.