உங்களுக்குத் தெரியுமா? – பரங்கிமலை

★ பெரும்பாக்கத்தில் இருப்பவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். இமயம் வரை போன மாபெரும் முக்கோண நில அளவை, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் மலைக்கும் நடுவே போட்ட ஏழரை மைல் நீளக் கோட்டில்தான் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10இல் அளவையை ஆரம்பித்தவர் வில்லியம் லாம்டன். கருவி, 100 அடி நீள எஃகுச் சங்கிலி. வெயில் பட்டால் எஃகு நீளும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துக் கணக்கைத் திருத்தினார்கள். கோடையில் இவ்வளவு பொறுமை! இந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான் எவரெஸ்ட்டின் உயரமே தெரிந்தது.

★ அந்தச் சங்கிலி முதலில் சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போனது. அவர் வேண்டாம் என்றதால் இந்தியாவுக்கு வந்தது.

★ சுமார் 300 அடி உயர மலையின் உச்சியில் போர்த்துகீசியர் தேவாலயம் எழுப்பியது 1523இல். 1547இல் அங்கே தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றியுள்ள எழுத்து, பழைய பாரசீகத்தின் பஹ்லவி. போர்த்துகீசியக் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கரையில் கிறிஸ்தவர்கள் இருந்ததற்கு அந்தக் கல்லே சாட்சி. இயேசுவின் சீடர் தோமையார் இங்கே உயிர்நீத்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

★ மலையேறப் படி கட்டித் தந்தவர் அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் பாலம் கட்டியதும் அவர்தான். சொந்தக் காசு!

★ பரங்கிமலையைப் போலவே போலந்தின் கிராக்கோ நகரிலும் வாவெல் என்றொரு குன்று. அரசர்களின் கோட்டையும் அவர்கள் முடிசூடிய பேராலயமும் அதன் மேல் அருகருகே நிற்கின்றன. அந்தப் பேராலயத்தில் 1958இல் ஆயராகத் திருநிலை பெற்றவர் கரோல் வொய்த்திவா. பிறகு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஆன அவர், 1986 பிப்ரவரி 5இல் பரங்கிமலைக்கு வந்தார்.

★ 1759 பிப்ரவரியில், பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், இந்த மலையடியில் சண்டை நடந்தது. பத்தாண்டு கழித்து ஹைதர் அலியின் படை இதே மலை வரை வந்து நின்றது; ஆங்கிலேயர் உடன்படிக்கைக்கு இறங்கினார்கள்.

★ வாவெலில் இருப்பதுபோல் அரசர் உருவாக்கியது பரங்கிமலைக்கு அருகில் எதுவும் இல்லையா? இருக்கிறது. பல்லாவரம் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலில் அவனுடைய பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. இன்று அது தர்கா.