மாமரத்தில் கிறுக்கியது யார்?

மாமரப் பட்டையில் சாம்பல் கலந்த வெள்ளைத் திட்டு. அதன்மேல் பேனாவால் கிறுக்கினாற்போல் கறுப்புக் கோடுகள். இது பெயிண்டும் அல்ல, நோயும் அல்ல. கிராஃபிஸ் என்னும் லைக்கன். எழுதுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக் குடித்தனம் இது. வெயிலைக் கொண்டு உணவு சமைப்பது பாசி. கூரையும் சுவரும் பூஞ்சை. அந்தக் கறுப்புக் கோடுகள், பூஞ்சை தன் வித்துகளை வெளிவிடும் பிளவுகள். மரம் தருவது இடம் மட்டுமே. அதன் சாற்றை இது தொடுவதில்லை. நம் வீட்டு மசாலாவில் சேரும் கல்பாசியும் லைக்கன்தான். அது இலைபோல் உரிந்து வரும். இது பட்டையோடு பட்டையாய் ஒட்டியது. சுரண்டினால் மரத்துக்குத்தான் காயம்.

நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டையாக்சைடு பல லைக்கன்களுக்கு ஆகாது. (நீராவி எஞ்சின்களோடு காலம் தள்ளிய என் நுரையீரல் எப்படித் தாங்கியதோ!) 1866-லேயே நைலாண்டர் என்னும் அறிஞர், பாரிஸின் லக்ஸம்பர்க் பூங்காவில் செழித்த லைக்கன்கள் நகரின் மற்ற பகுதிகளில் இல்லாததைக் கவனித்து எழுதினார். பிற்பாடு அந்தப் பூங்காவிலிருந்தும் அவை மறைந்தன.

ஹௌரா பக்கம் எங்கள் குடியிருப்பில், 'மரத்துக்குச் சொறி' என்று மூன்று மாமரங்களை வெட்டக் கமிட்டி யோசிக்கிறது. அங்கே நம் குடும்பங்கள் ஆறு. ஞாயிறு காலை பூதக்கண்ணாடியோடு மரத்தடியில் இருப்பேன். கையெழுத்துப் போடுமுன் வந்து பாருங்கள்.