அரிக்காத வீக்கம்

எங்க அம்மாவோட ஊர் மேல்மலையனூர். ஒரு அமாவாசை ஊஞ்சல் பார்த்துட்டு வந்த ராத்திரி, பெரியம்மாவுக்கு உதடு, நாக்கு எல்லாம் வீங்கிடுச்சு. வயசு 58. "ஏதோ சேராததைச் சாப்பிட்டிருக்காங்க"ன்னு ஒரு கிளினிக்குல அலர்ஜி ஊசி போட்டாங்க. வீக்கம் அசையல. ரெண்டு நாள் கழிச்சு தானா வடிஞ்சது. அதுக்கப்புறமும் ரெண்டு தடவை வந்துச்சு. ஒரு தடவைகூட அரிப்போ தடிப்போ இல்ல.

அந்த 'இல்ல'தான் துப்பு. சாதாரண அலர்ஜிக்குக் காரணம் ஹிஸ்டமின். இங்கே வேலை பார்ப்பது பிராடிகினின். இது ரத்தக்குழாய் சுவரைத் தளர்த்தி நீரைக் கசியவிடும். அதனால்தான் அலர்ஜி மருந்து கேட்காது. குடல் வீங்கினால் கடும் வயிற்றுவலி, தொண்டை வீங்கினால் உயிருக்கே ஆபத்து.

பிராடிகினினை அடக்கி வைப்பது சி1 இன்ஹிபிட்டர் என்ற புரதம். பரம்பரை ஆஞ்சியோஎடிமாவில் அதற்கான மரபணுவிலேயே பிழை. பெரும்பாலும் சின்ன வயசிலேயே தொடங்கிடும். பெரியம்மாவுக்கு வந்தது பிற்பாடு வரும் வகை. பொதுவா 40 வயசுக்கு மேல, குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் வரும்.

நல்லா இருந்த புரதம் ஏன் குறையுது? 1972இல் இந்த நோயை முதலில் விவரித்தபோது, அது லிம்போமா நோயாளிகளிடம் தெரிந்தது. ரத்த அணுக்களின் கோளாறு அந்தப் புரதத்தைத் தீர்த்துவிடலாம். இன்னொரு வழி ஆட்டோஇம்யூன்: உடம்பே அந்தப் புரதத்துக்கு எதிரா ஆன்டிபாடி தயாரிக்கும். நம்ம பாஷையில சொன்னா, ஆன்டிவைரஸ் சாஃப்ட்வேரே ஸ்டாப் பட்டனை வைரஸ்னு நினைச்சு முடக்கிடுது. ரெண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம். அபூர்வமா லூபஸ் உள்ளவங்களுக்கும் வரும்.

கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை போதும்: சி4, சி1 இன்ஹிபிட்டரின் அளவு, அது வேலை செய்யும் திறன். சி1க்யூ-வும் குறைந்திருந்தா, பரம்பரை வகையைவிட இந்த வகைக்கே வாய்ப்பு அதிகம். வீக்கம் முதலில் வந்து, பின்னாலிருக்கும் நோய் வருஷங்கள் கழிச்சும் தெரியலாம். அதனால தொடர்ந்து கண்காணிக்கணும்.

ஒரு எச்சரிக்கை: எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி பிபி மாத்திரைகளும் பிராடிகினினை ஏத்தும். அரிப்பில்லாத வீக்கம் வந்தா, என்னென்ன மாத்திரை எடுக்கிறீங்கன்னு டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க. நாக்கோ தொண்டையோ வீங்கினா யோசிக்காம 108.

பெரியம்மா இப்பவும் அமாவாசைக்குப் போறாங்க. பர்ஸுல குங்குமப் பொட்டலத்தோட ஒரு சீட்டும் இருக்கு: "இது அலர்ஜி இல்லை." கீழே நோயின் பேரும் டாக்டர் நம்பரும்.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.