ஓசை அடக்கியும் ஆயுதச் சட்டமும்

தறியோசையிலும் திருவிழா அதிர்வேட்டிலும் பழகிய காஞ்சிபுரத்தாரிலும் பலர், "சைலன்ஸர்" பொருத்திய துப்பாக்கி ஊமையாகிவிடும் என்று சினிமாவைக் கண்டு நம்புகின்றனர். அது பிழை. 1909-ல் அமெரிக்கராகிய ஹிராம் பெர்ஸி மாக்ஸிம் உரிமைப் பத்திரம் பெற்ற இக்கருவி, வெடிவாயுவைப் பல அறைகளில் தடுத்து ஆறவைத்து வெளிவிடுகிறது. ஏறக்குறைய 160 டெசிபெல் ஓசையில் 20 முதல் 35 வரையே குறையும். ஒலியினும் விரைந்து செல்லும் குண்டின் சீறல் அடங்காது.

பின்லாந்திலும் நார்வேயிலும் வேட்டைக்காரர் செவியைக் காக்க இதனை உபயோகிக்கின்றனர். அமெரிக்கா 1934-ல் 200 டாலர் வரி விதித்தது. நமது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமோ, ஓசையைக் குறைக்கும் உறுப்பையும் துப்பாக்கியென்றே கொள்கிறது. லைசென்ஸின்றி வைத்திருத்தல் குற்றம்.

1878-ஆம் வருஷத்து அன்னியச் சட்டத்தின் கீழ் ஐரோப்பியருக்கு விலக்கு, நம்மவரோ நிராயுதபாணிகள். விதிகளுக்குட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையை 1931-ல் கராச்சி காங்கிரஸ் கோரியது. சட்டத்தின் கடுமையினும் ஆளுக்கொரு நீதி என்பதே அன்று நம் நெஞ்சைச் சுட்டது.

சுட்ட திசை தெரியாமற்போயின் பொதுஜனங்களுக்கு அபாயம். ஆதலின் இன்றைய கட்டுப்பாடு நியாயமே. ஆயினும் சுதந்திர நாட்டின் சட்டம் சினிமாப் பீதியின்மேல் நிற்றலாகாது. அறிவின்மேலும் சமநீதியின்மேலுமே நிற்றல் வேண்டும்.