தறி கட்டிய பட்டணம்

புனேயை அடுத்த போசரித் தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறுகிற வேளையில் தேநீர்க் கடையோரம் நின்றால் மராத்திக்கும் ஹிந்திக்கும் இடையே நம் தமிழும் காதில் விழும். அங்கிருந்து தாபோடியைத் தாண்டி முளா நதிப் பாலத்தைக் கடந்தால் கட்கி. 1817 நவம்பர் 5ஆம் தேதி பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெருஞ்சேனை, தன்னிலும் பல மடங்கு சிறிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் தோற்றது அங்கேதான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், புனே ராஜ்யத்தையே விழுங்கும் அளவுக்குப் பெருத்த அந்த வர்த்தக ஸ்தாபனம், அதற்கு 178 ஆண்டுகளுக்கு முன்னர் சோழமண்டலக் கரையில் ஒரு மணற்பரப்புக்காக நாயக்கர் ஒருவரிடம் விண்ணப்பித்து நின்ற காட்சிதான் என் மனக்கண்முன் எழுகிறது.

அக்காலத்து ஆங்கிலேயர் கடல்கடந்து அமைத்த குடியேற்றங்கள் எல்லாம் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. 1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனுக்குப் போன நூற்றுச் சொச்சம் பேரும், 1620இல் 'மேபிளவர்' கப்பலில் பிளிமத்துக்குப் போன 102 பேரும் அந்த மண்ணிலேயே உழுது பிழைக்கப் போனவர்கள். முதல் குளிர்காலத்திலேயே பிளிமத்தில் பாதிப்பேர் மடிந்தார்கள். எனினும் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. வந்தவர்கள் பெருகப் பெருக, அந்நிலத்தின் பூர்வகுடிகள் விலகிப் போக நேர்ந்தது. 1600இன் கடைசி நாளில் ராணி எலிசபெத்திடம் சாசனம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ ஏர் தேவைப்படவில்லை, துணிதான் தேவைப்பட்டது. இங்கிலாந்தின் கம்பளித் துணியை ஜாவாவிலும் மலுக்குத் தீவுகளிலும் வாங்குவாரில்லை. மிளகுக்கும் கிராம்புக்கும் ஈடாக அங்கே பெரிதும் செல்லுபடியானது நம் கரையில் நெய்து, சாயமேற்றி, சித்திரம் எழுதிய பருத்தித் துணிதான்.

இந்தத் துணியை நாடித்தான், கம்பெனியின் துர்க்கராயபட்டணத்துப் பண்டகசாலையில் இருந்த பிரான்சிஸ் டே தெற்கே வந்தார். சந்திரகிரியில் வீற்றிருந்த விஜயநகர வேந்தரின் கீழ் இப்பகுதியை ஆண்டவர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். பூந்தமல்லியில் இருந்த அவர் சகோதரர் ஐயப்ப நாயக்கர் இடைநின்று பேசினார். பேரி திம்மண்ணா துபாஷியாக இருந்து உதவினார். நிலத்துக்கான அனுமதிப் பத்திரமாகிய கவுல் கிடைத்த நாளாகக் கருதப்படும் 1639 ஆகஸ்டு 22தான் சென்னையின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது. நாயக்கர் சகோதரர்களின் தந்தையாகிய சென்னப்பரின் பெயரே ஊருக்கு நிலைத்தது. இத்தனைக்கும் அந்த இடத்தில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் நம் படகோட்டிகளே சரக்கையும் துரைமார்களையும் அலையைக் கடத்திக் கரை சேர்க்க வேண்டியிருந்தது. பின் எதற்காக டே இந்த இடத்தைத் தேர்ந்தார் என்றால், வேறெங்கும் கிடைப்பதைவிட நூற்றுக்கு இருபது பங்கு மலிவாக இங்கே துணி கிடைக்கும் என்று அவர் கணக்கிட்டிருந்தார்.

1640 பிப்ரவரியில் டேயும் கம்பெனி அதிகாரி ஆண்ட்ரூ கோகனும் ஏறத்தாழ 25 சிப்பாய்களோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் எழுப்பத் தொடங்கிய கோட்டையின் செலவைக் கண்டு லண்டனில் இருந்த எஜமானர்கள் முகம் சுளித்தார்கள். கோட்டைச் சுவர் மட்டும் பட்டணம் ஆகிவிடாது என்பதை அறிந்திருந்த அவ்விருவரும், இங்கே வந்து குடியேறுவோருக்கு முப்பது ஆண்டுகளுக்கு வரி இல்லை என்று அறிவித்தார்கள். கோட்டைக்கு வடக்கே நெசவாளர், சாயக்காரர், சித்திரத் துணி எழுதுவோர் என்று சில காலத்துக்குள் ஏறத்தாழ 400 குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர்களுக்கு வணிகர் மூலமாக முன்பணம் கொடுத்து, பருவக்காற்றோடு கப்பல் வந்து சேருமுன் துணியைப் பொதி கட்டிவிடவேண்டும். கம்பெனியின் ஜீவன் முழுதும் அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருந்தது. ஆங்கிலேயர் 'கறுப்பர் பட்டணம்' என்று பெயரிட்ட அந்த நெசவுக் குடியிருப்பே நம் சென்னையின் மூலம் என்பது என் உறுதியான எண்ணம். கோட்டை அதன் காவல் வீடு.

பம்பாயின் கதையும் இதற்கு அதிக தூரமானதன்று. போர்த்துகீசிய அரசகுமாரியை இரண்டாம் சார்லஸ் மணந்தபோது சீதனமாக வந்த தீவை, 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கம்பெனி பெற்றது. அங்கும் குஜராத்தி வணிகர்களையும் கைவினைஞர்களையும் வருந்தி வருந்தி அழைத்தே ஊரைப் பெருக்கினார்கள்.

1688இல் சென்னையில் நகரசபை பிறந்தபோது அதன் 12 ஆல்டர்மேன்களுள் ஆங்கிலேயரோடு போர்த்துகீசியரும் யூத வணிகரும் நம் வணிகர் மூவரும் இருந்தனர். ஆலங்காத்த பிள்ளை அம்மூவரில் ஒருவர். முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன் அமெரிக்கக் குடியேற்றமான கனெக்டிகட்டில் பிறந்து ஹார்வர்டில் பயின்றவர். அப்போது கவர்னராக இருந்த எலிஹு யேல் பிறந்ததும் பாஸ்டனில்தான். அவர் பின்னாளில் அனுப்பிய புத்தகங்களுக்கும் துணிப்பொதிகளுக்கும் நன்றியாகவே கனெக்டிகட்டின் கல்லூரி 1718இல் 'யேல்' ஆயிற்று. உழவுக்காகத் தோன்றிய குடியேற்றமும் துணிக்காகத் தோன்றிய குடியேற்றமும் இவ்விருவரின் வாழ்க்கையில் கைகோத்து நிற்பது எத்தனை விசேஷமான சம்பவம்!

ஆனால் பட்டணத்தை உண்டாக்கியவர்களுக்குக் கிடைத்த கதி என் நெஞ்சை உறுத்துகிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றிக் கறுப்பர் பட்டணத்தின் ஒரு பகுதியை இடித்தார்கள்; கோட்டை திரும்பக் கிடைத்த பின் ஆங்கிலேயர் எஞ்சியதையும் இடித்து, பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய்வதற்கான வெட்டவெளி ஆக்கினார்கள். நூறாண்டுக் காலம் தறிச் சத்தம் கேட்ட தெருக்கள் தடம் தெரியாமல் மறைய, குடிகள் வடக்கே நகர்ந்தார்கள். இன்றைய ஜார்ஜ் டவுன் அதுவே. பழைய பட்டணம் இருந்த இடத்தில் இப்போது உயர்நீதிமன்றம் எழுந்து நிற்கிறது. இந்த எல்லைக்குள் எவரும் வீடு கட்டலாகாது என்று 1773இல் நட்ட தூண்களில் ஒன்றுமட்டும், பாரி முனையில் பஸ்களின் இரைச்சலுக்கு நடுவே, இன்னும் இருக்கிறது.